மன்னார்த் தீவின் ஓலைப் பின்னல்

மன்னார் என்ற பெயரைக் கேட்டதும் பெரும்பாலார்க்கு முதலில் நினைவுக்கு வருவது முத்து. அரிப்புக் கரையிலும் மரிச்சுக்கட்டிக் கரையிலும் நடந்த முத்துக்குளிப்பைப்பற்றி அயல்நாட்டார் எழுதிவைத்தவை பல. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் அக்கடற்படுகைகள் ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907 ஆம் ஆண்டிற்குப் பின்னர் அக்கம்பனிக்கு எடுப்பதற்குச் சிப்பியில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. நீரோட்டம் மாறியமை, மணல் மூடியமை, சிப்பியைத் தின்னும் மீன்கள் பெருகியமை என்று காரணங்கள் பல கூறப்படுவதுண்டு. மனிதரின் அவாவையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுதல் பிழையாகாது.

முத்தின் ஆரவாரத்தில் மறைந்துபோன பொருளொன்று மன்னாரில் உண்டு. அது கடலுக்குள் மூழ்கித் தேடவேண்டியதன்று. வீட்டு வாயிலிலே நிற்பது. பனைமரத்தையும் அதன் ஓலையைக் கொண்டு மன்னார்ப் பெண்கள் இழைத்துவரும் பொருள்களையுமே இங்குக் குறிப்பது. மன்னாருக்கு வரும் உல்லாசப் பயணிகள் பள்ளிமுனையில் நிற்கும் பெருத்த பெருக்கமரத்தைச் சுற்றிவந்து படம் எடுத்துக்கொண்டு போகின்றனர். அது ஆபிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி மரம். வீட்டுக்காரியாகிய பனையை அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. விருந்தாளிக்குத்தான் மரியாதை மிகுதி!

மன்னார்த் தீவு ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமுள்ள தாழ்ந்த மணற்றிட்டு. ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்து தீர்ந்துவிடும். பின்னர் நீண்ட கோடை. வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும். மார்கழியில் வாடைக் காற்று வீசும். காற்றில்லாத நாளைத் தீவில் எண்ணி எடுத்துவிடலாம். இத்தகைய நிலத்திலே தென்னை நீர்கேட்டு நிற்கும். மா, பலா முதலியன உப்புக்காற்றிற் கருகும். யாரும் நீரூற்றாமல், யாரும் எருவிடாமல், புயலுக்கும் பணியாமல் நிற்பது பனை. பேசாலையிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் அது கூட்டங்கூட்டமாக நிற்கக் காணலாம். தீவில் ஓலைத்தொடுவாய் என்று ஓர் ஊர் இருக்கின்றது. ஊரின் பெயரிலேயே ஓலை இடம்பெற்றுவிட்டது.

வில்லியம் பேர்குசன் என்ற ஆங்கிலேயர் பனையைப்பற்றி 1850 ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒரு நூல் வெளியிட்டார். பனையின் பயன்கள் எண்ணூற்றொன்று என்று தாலவிலாசம் என்னும் தமிழ் நூல் கூறுவதாகச் சொல்லப்படுவதுண்டு. அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுமை இக்காலத்தில் யாருக்கும் இராது. மன்னார்ப் பெண்ணொருத்திக்கு எண்ணூறு பயன்களும் வேண்டியதில்லை. ஓலை ஒன்றே அவளுக்குப் போதும்.

ஓலையென்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும் அவள் கண்ணுக்கு ஓலை ஒருவகையன்று. முற்றிப் பழுத்து விழுவது காவோலை. அது வேலிக்கும் அடுப்புக்கும் உரியது. விரிந்து பசுமையாய் நிற்பது பச்சோலை. அது கூரைக்கும், மாட்டுக்குத் தீனியாகவும், தோட்டத்திற்கு எருவாகவும் போகும். இன்னும் விரியாமல், அல்லது விரியத் தொடங்கும் நிலையில், மரத்தின் நடுவே வாள்போல் எழுந்து நிற்பதே குருத்தோலை. பின்னலுக்கு வேண்டிய மெல்லிய சார்வோலை கிடைப்பது அதிலிருந்துதான். காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த கதையைப் பழமொழியாகச் சொல்லுவார்கள். பின்னற்காரியின் கத்தி குருத்தோலையையே தேடி வரும் என்பதைப் பழமொழி சொன்னவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

கைப்பணியின் நுட்பம் பின்னுவதில் தொடங்குகின்றது என்று நினைப்பவர் பலர். அது வெட்டுவதில் தொடங்குகின்றது. மா, வேம்பு முதலிய மரங்களின் கிளையொன்றை வெட்டினால் வேறொரு கணுவிற் புதுத்தளிர் தோன்றும். பனைக்குக் கிளையில்லை, மாற்றுத் தளிருமில்லை. உச்சியில் உள்ள ஒரே ஒரு முளையிலிருந்தே அதன் வாழ்நாள் முழுவதும் ஓலைகள் பிறக்கின்றன. அந்த முளை அழிந்தால் மரமும் அழிந்தது. குருத்தை எடுக்கும் கத்தி ஓலையின் காம்போடு நின்றுவிடவேண்டும். நான்கு விரல் கீழே இறங்கினால் நட்டம் ஓர் ஓலையன்று, ஒரு பனை. மேலும், பனை ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு அல்லது பதினான்கு ஓலைகளையே ஈனும். மாதத்திற்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தெடுத்தால் அதற்கு உணவு சமைக்க ஓலையிராது. மரம் மெலிந்து, பாளையும் சிறுத்துப்போகும். ஆகவே பழகிய கை ஒரு மரத்தில் ஒரு குருத்தை எடுத்தபின் அம்மரத்தை விட்டு வேறொன்றை நாடும். உயர்ந்த மரத்தில் ஆண்கள் ஏறி வெட்டித் தருவர். இடுப்பளவு, தலையளவு நிற்கும் வடலிகளிற் பெண்களே வெட்டிக்கொள்வர். எந்த வடலியில் எப்போது எடுத்தது என்பதை எந்தப் புத்தகத்திலும் அவர்கள் எழுதிவைப்பதில்லை. ஆனால் மறப்பதுமில்லை.

வெட்டிய குருத்தைப் பகலில் வெயிலிலும் இரவிற் பனியிலும் சில நாள் போட்டுவைப்பர். வெயில் ஈரத்தை வாங்கும். பனி முறுகாமற் காக்கும். பசுமை போய்ச் சந்தன நிறம் வந்ததும் ஈர்க்கை வேறாக்கி ஓலையை வார்ந்தெடுப்பர். வார்தலுக்கு அளவுகோல் இல்லை, விரலே அளவு. பெட்டிக்குப் பெருவிரல் அகலம், பாய்க்கு அதிற் பாதி, கொட்டப்பெட்டி போன்ற சிறுபொருளுக்கு அதனினும் ஒடுங்கிய வார். கழிந்த ஈர்க்கும் வீணாவதில்லை. அது விளக்குமாறாகும், தட்டாகவும் பின்னப்படும். மட்டையிலிருந்து உரித்த நார் விளிம்பு கட்ட உதவும்.

பின்னுவதற்கு ஏற்ற வேளை விடியற்காலையும் பொழுதுபட்ட பின்னரும். கடற்காற்றில் ஈரமிருக்கும்போது ஓலை வளையும்; உச்சி வெயிலில் அதே ஓலை ஒடியும். சோளகம் பலமாக வீசும் மாதங்களில் முற்றத்தில் இருந்து பின்னவும் முடியாது. வார்ந்த ஓலை முழுதும் அடுத்த வளவுக்குப் பறந்துவிடும். இவ்வாறாக, எந்த மாதத்தில், எந்த வேளையில், எந்த இடத்தில் இருந்து வேலைசெய்வது என்பதைத் தீர்மானிப்பது காற்று. பெண் அதற்குத் தன் நாளை ஒழுங்குசெய்துகொள்வாள்.

இனிப் பொருள்களைப் பார்க்கலாம். பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி கூம்பு வடிவானது. அதன் பின்னல் மா சிந்தாதபடி நெருங்கியிருக்கவேண்டும். ஆவி புகும்படி நெகிழ்ந்தும் இருக்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மயிரளவு. சுளகில் அந்த இடைவெளியும் ஆகாது, குறுநொய் வழிந்துவிடும். கடலில் வலைவீசுவோர் இடுப்பிற் கட்டும் பறிக்கோ இடைவெளி தாராளமாக வேண்டும். நீர் ஒழுகி மீன் மாத்திரம் தங்கவேண்டுமன்றோ? தோட்டத்திற்கு நீரிறைக்கும் பட்டையில் ஒரு துளி ஒழுகுதல் கூடாது. அதனால் அதற்கு ஓலையை வாராமல் முழு ஓலையையே மடித்துக் கட்டுவர். ஒரே மரத்தின் ஓலை. நீரை விடுவதும் அதுவே, நீரைப் பிடிப்பதும் அதுவே. எதை விடுவது, எதைப் பிடிப்பது என்ற தீர்மானத்திலேயே இக்கைப்பணியின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கின்றது.

கடகத்தின் அடி சதுரம், வாய் வட்டம். நான்கு மூலைகளோடு தொடங்கிய பின்னல் எந்த இடத்தில் மூலைகளை இழந்து வட்டமாகின்றது என்று சுட்டிக்காட்டுதல் அரிது. இதனைக் கணித ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் விளக்கப் புகுந்தால் ஒரு பாடவேளை போதாது. எழுத்தறியாத மூதாட்டியொருத்தி அதனைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்துமுடிப்பாள். எழுந்த ஓலை, படுத்த ஓலை என்று எண்ணிக்கொண்டு போவதிலே பாயின் கோலமும் பிறக்கின்றது. இரண்டு எழுந்து இரண்டு படுத்தால் ஒரு கோலம். மூன்று எழுந்து ஒன்று படுத்தால் வேறொன்று. எண்ணிக்கை ஓரிடத்திற் பிசகினால் அப்பிசகு பாயின் மறுகரை வரையிற் சாய்வாக ஓடி ஊருக்கே தெரிந்துவிடும்.

பேசாலை, தலைமன்னார்க் கரைகளில் மீன் உலர்த்தவும், உலர்ந்த கருவாட்டைச் சிப்பமாகக் கட்டவும் ஓலைப்பாய் வேண்டியிருந்தது. நெல் விளையும் மாந்தைப் பெருநிலத்திற் களத்தில் விரிக்கவும் அது வேண்டியிருந்தது. பனங்களியைப் பரப்பி உலர்த்திப் பனாட்டாக்குவதும் பாயிலேதான். ஒரு பனையின் பழம் அதே பனையின் ஓலையில் காய்ந்து, அதே பனையின் ஓலையால் இழைத்த பெட்டியிற் சேர்ந்து, மழைக்கால உணவாக அடுக்களைப் பரணில் ஏறும். சந்தையிலிருந்து மீன் கொண்டுவர உமல், பானை வைக்கத் திருகணை, கூழ் குடிக்கப் பிளா, உணவு வைக்கத் தட்டுவம், குழந்தைக்குக் கிலுகிலுப்பை என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

இவ்வோலைக்குச் சமயபேதம் இருந்ததில்லை. திருக்கேதீச்சரத்திற் குருத்தோலை தோரணமாகத் தொங்கும். கத்தோலிக்க ஊர்களிற் குருத்தோலை ஞாயிறன்று அதே குருத்து சிலுவையாகவும் மலராகவும் பின்னப்பட்டுக் கைகளில் ஏந்தப்படும். அந்த ஓலையை வீட்டிற் பத்திரமாக வைத்து, மறு ஆண்டில் எரித்து, அச்சாம்பலையே விபூதிப் புதனன்று நெற்றியில் இடுவதும் வழக்கம். முஸ்லிம் வீடுகளிலும் பாயும் பெட்டியும் இழைக்கும் பெண்கள் இருந்தனர்.

சாயத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் மணலிலே தானாக முளைக்கும் சாயவேர் என்னும் சிறுபூண்டின் வேர், துணிகளுக்குச் செந்நிறம் ஏற்றுவதற்காகத் தோண்டப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் அது அரசாங்கத்துக்கு வருவாய் தரும் பண்டமாயிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் அவ்வாறே. அந்தச் செம்மைக்குக் காரணமான பொருளை 1868 ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் இருவர் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிவிட்டனர். பின்னர் வேருக்கு விலையில்லை. வேர் தோண்டியவருக்கும் வேலையில்லை. இன்று பெட்டிக்கு ஏற்றும் சிவப்பும் பச்சையும் ஊதாவும் கடைப்பொடியைக் கொதிநீரிற் கரைத்துப் பெறுபவை. சாயம் ஊராமல் நிற்கின்றது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் சாயமிடாத வெள்ளோலைப் பெட்டி, பழகப்பழகத் தேன்நிறம் கொள்வது தனி அழகு.

சாயவேருக்கு நேர்ந்தது ஓலைக்கும் நேர்ந்துகொண்டிருக்கின்றது என்பதே இங்கு எண்ணவேண்டியது. கருவாட்டுச் சிப்பத்திற்கு உரப்பை வந்தது; பறிக்கு நைலோன் வலைப்பை; நீற்றுப்பெட்டிக்கு அலுமினியம்; பட்டைக்கு நீரிறைக்கும் இயந்திரம்; உமலுக்குப் பொலித்தீன். ஒரு பெட்டிக்குக் குருத்தெடுக்கவும் உலர்த்தவும் சில நாள், வாரவும் பின்னவும் மேலும் ஒரு நாள். பிளாஸ்டிக்கு வாளியோ அச்சில் விழுந்து லொறியில் வந்துவிடுகின்றது. விலையில் ஓலை தோற்றதைக்குறித்து வாங்குவோரைக் குறைகூறுதல் நியாயமன்று. ஏழை வீட்டுப் பெண் எது மலிவோ அதைத்தான் வாங்குவாள்.

ஆனால் தோற்றது பெட்டி மாத்திரமன்று. பெட்டிக்காக மரத்தைக் காத்தவர்கள், பெட்டி வேண்டாதபோது மரத்தையும் வேண்டாதவராயினர். குருத்தெடுக்க யாரும் வராத பனங்காடு, விறகு வியாபாரியின் கண்ணுக்கும் காணித் தரகரின் கண்ணுக்கும் வெறுங்காடாகத் தோன்றுகின்றது. ஆட்களை விலக்கினால் மரம் பிழைக்கும் என்று நகரத்தார் எண்ணுவர். பனையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அளவோடு எடுக்கும் கை போய்விட்டால், அளவின்றி வெட்டும் கை அவ்விடத்திற்கு வந்துவிடும்.

1983 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டு வரை நடந்த போரிலே வடபகுதிப் பனைகள் பெருந்தொகையாக வெட்டப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் அடுக்கப்பட்டன. பனங்குற்றி குண்டைத் தாங்கும் என்பதே மரத்திற்குக் கேடாயிற்று. மனிதருக்கு நேர்ந்ததும் சிறிதன்று. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாகி, அவ்வூரவர் புத்தளத்து அகதி முகாம்களிற் காலங்கழித்தனர். தமிழர் பலர் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமை அடைந்தனர். பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடலாம்; பனையைக் கொண்டு ஓட இயலாது. முகாமிற் பிறந்து வளர்ந்த பெண்பிள்ளைக்குத் தாயின் கையில் வித்தை இருந்தது, முற்றத்தில் மரம் இல்லை. திரும்பிவந்தோரின் புதிய வீடுகளுக்கு ஓலைக்கூரையும் வேண்டியிருக்கவில்லை.

பாதுகாப்புக்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பலா, ஈரப்பலா ஆகியவற்றோடு பெண்பனையும் அனுமதியின்றி வெட்டலாகாத மரமாயிற்று. பழம் தருவது பெண்பனை என்ற கணக்கு அது. ஓலை தருவதில் ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை என்பது சட்டம் வகுத்தோருக்குத் தோன்றவில்லை போலும். பெட்டி இழைக்கும் பெண்ணொருத்தியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். 1978 ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அதன் முயற்சியாற் பெண்கள் பலர் பயிற்சி பெற்றனர். பொருள்கள் கொழும்புக் கடைகளுக்கும் சென்றன.

அங்கே வேறொரு கேள்வி எழுகின்றது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் விலைபோவன கைப்பை, தொப்பி, மலர்ச்செண்டு, மேசை விரிப்பு ஆகியன. இவை நேர்த்தியானவை, பின்னுகின்றவளுக்குப் பெட்டியைவிட நல்ல கூலியும் தருகின்றன. அந்தக் கூலியைத் தாழ்வாக எண்ணுதல் வயிறு நிறைந்தவர் பேசும் பேச்சு. எனினும் வரவேற்பறைச் சுவரில் மாட்டிய பனையோலைப் பூ ஒன்று பத்தாண்டு அங்கேயே தொங்கும். மீன்கடை உமலோ சில மாதத்தில் நைந்துபோய் மறு உமல் கேட்கும். ஒரு தோப்பு நிலைத்து நிற்க வேண்டுமானால் அதனிடம் ஊரவர் ஓயாது கேட்டுக்கொண்டிருக்கும் தேவை இருக்கவேண்டும். 2017 ஆம் ஆண்டு செப்டெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாள் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக்குப் பொருள்கள் வேறு சிலவும் தடைக்குள்ளாயின. சந்தையிலே அந்த வெற்றிடத்தைத் தட்டுவமும் உமலும் நிரப்பியிருக்கலாம். நிரப்பியது பெரும்பாலும் வேறொரு பெயருள்ள தாள். எனினும் வாசல் மூடப்பட்டுவிடவில்லை. மன்னார்ச் சந்தையில் மீன் விற்போரும் கருவாடு அனுப்புவோரும் ஓலைப்பொருளைக் கேட்டு வாங்கத் தொடங்குவார்களானால், அது நூறு கண்காட்சிகளை விடப் பயன்தரும்.

தீவின் நிலமும் இப்போது பலருக்கு வேண்டியதாயிருக்கின்றது. தென்கரையில் 2020 ஆம் ஆண்டு டிசெம்பரில் முப்பது காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் திறக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டில், மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து மன்னார் மக்கள் நாட்கணக்காகப் போராடினர். மின்சாரம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. தாழ்ந்த மணற்றிட்டிலே மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கிணறுகள் அதை நம்பியிருக்கின்றன. அந்த மணலைக் காற்றுக்குப் பறிகொடாமல் ஆயிரக்கணக்கான நார்வேர்களாற் பிடித்துக்கொண்டிருப்பது பனை. குருத்தெடுக்கப்போகும் பெண்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தியன்று. பனை வீழ்ந்த வளவில் மணல் நகர்ந்து வேலியை மூடுவதை அவர்கள் கண்ணாற் கண்டவர்கள்.

ஆவணி, புரட்டாசியிற் பனம்பழம் விழுகின்றது. ஐப்பசி மழைக்கு முன்னர் விதையை மணலிற் பதித்துவிடவேண்டும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுப் போவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்று சொல்லி, நடுவதற்குத் தயங்குவோர் உண்டு. பழத்தையும் பதநீரையும் எண்ணுபவர்க்கு அது பொருந்தும். பாளை வரப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு செல்லும். ஓலைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. மரம் நிமிருமுன்னரே, வடலிப் பருவத்திலேயே குருத்தெடுக்கலாம். இப்போது விதை பொறுக்கும் சிறுமி தாயாகுமுன்னர் அவள் நட்ட வடலி பெட்டிக்கு ஓலை தந்துவிடும். விதை மேலே இலை காட்டுவதற்கு முன் மணலுக்குள் நேர்கீழாக ஒரு முளையை அனுப்பும். அதுவே நாம் கிழங்கென்று பிடுங்கி அவித்து உண்பது. பிடுங்காமல் விட்டதிலிருந்து முதல் மழை ஓய்ந்த பின் விசிறியாக விரியாத, வாள்போன்ற ஒற்றை ஓலையொன்று மணலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். ஆடும் மாடும் அதைக் கடித்துவிடாதபடி சுற்றிவரக் காவோலையால் ஒரு வேலி கட்டுவது தீவின் வழக்கம்.